பொய்க் காசும் மெய் வாழ்வும்

மனிதரின் குணம் ஒரு நாளில் அமைவதன்று. சிறு துளிகள் சேர்ந்து ஏரி நிரம்புதல் போல, நாள்தோறும் செய்யும் சிறு செயல்களால் அது மெல்ல மெல்ல உருவாகின்றது. தம் பிழையை உணர்ந்து நாணுதலும், தொடங்கிய செயலை இடையில் விடாது முடித்தலும் ஓர் எளிய தொழிலாளியை எத்துணை உயர்த்தின என்பதற்கு வில்லியம் கேரியின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

இங்கிலாந்து நாட்டின் நார்தாம்டன்ஷயர்ப் பகுதியிலுள்ள பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில், 1761 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17 ஆம் நாள் கேரி பிறந்தார். அவருடைய தந்தையார் முதலில் நெசவாளராக இருந்து, பின்னர் அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியரானார். சிறுவர் கேரியின் உடல் வெயிலைத் தாங்கும் இயல்புடையதன்று. ஆதலின் அவரால் வயலில் வேலை செய்ய இயலவில்லை. காலணி தைப்பவர் ஒருவரிடம் அவர் தொழில் பயில விடப்பட்டார்.

அங்கே, ஒரு கிறிஸ்துமஸ் காலத்தில், அவர் வாழ்வை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. முதலாளியோடு வாணிகத் தொடர்புடையோர், தொழில் பயிலும் சிறுவர்களுக்கு அந்நாளில் அன்பளிப்பு வழங்குவது வழக்கம். இரும்பு வணிகர் ஒருவர் கேரிக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தார். சிறுவர் மகிழ்ந்து கடைவீதிக்குச் சென்றார். ஆங்கு அது செல்லாத பொய்க் காசு என்பதை அறிந்தார். அவர் கையில் முதலாளியின் பணமும் இருந்தது. அதிலிருந்து ஒரு ஷில்லிங்கைத் தமக்கு எடுத்துக்கொண்டு, பொய்க் காசை அதனோடு கலந்து வைத்தார். அது முதலாளியின் காசே என்று சாதிக்கவும் முடிவு செய்தார். இந்த ஒரு முறை தப்பினால் இனித் தவறு செய்வதில்லை என்று வழிநெடுக இறைவனை வேண்டிக்கொண்டே நடந்தார்.

ஆயினும் அவர் தப்பவில்லை. முதலாளி விசாரித்தார், இரும்பு வணிகர் உண்மையைக் கூறிவிட்டார். கேரி வெட்கத்தால் குன்றினார். ஊரார் அனைவரும் தம் செயலை அறிந்திருப்பர் என்று அஞ்சி, நெடுநாள் வெளியே தலைகாட்டவும் கூசினார். அந்த நாணம் அவருக்கு நன்மையே செய்தது. தாம் நல்லவர் என்று கொண்டிருந்த செருக்கு அழிந்தது. இறையருளையே துணையாகக் கொண்டு, சிறு செயலிலும் வாய்மை காத்தல் வேண்டும் என்னும் உறுதி நாளடைவில் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

தோல் தைக்கும் பலகையின் அருகே நூல்களை வைத்துக்கொண்டு இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளை அவர் கற்றார். பின்னர்ச் சமயப் போதகரானார். 1793 ஆம் ஆண்டு மனைவி மக்களுடன் வங்காளம் வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் வறுமை வருத்தியது. அவுரித் தொழிற்சாலை ஒன்றை மேற்பார்த்துப் பிழைப்பு நடத்தினார். 1794 ஆம் ஆண்டு ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். விருப்பமின்றியே உடன்வந்த மனைவியார் டாரதியின் மனம் நோயுற்றது. 1807 ஆம் ஆண்டு அவர் மறையும்வரை, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், அவரை வீட்டிலேயே வைத்துக் காத்துக்கொண்டு கேரி தம் பணியையும் செய்துவந்தார்.

1800 ஆம் ஆண்டு கேரி, டேனியர் ஆட்சியிலிருந்த செராம்பூருக்குக் குடிபெயர்ந்தார். மார்ஷ்மன், வார்டு என்னும் நண்பர்களுடன் அங்கே அச்சகம் நடத்தினார். அடுத்த ஆண்டில் வங்கமொழிப் புதிய ஏற்பாடு அங்கு அச்சாகி வெளிவந்தது. அதே ஆண்டில் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் அவர் ஆசிரியரானார். திங்கள்தோறும் ஐந்நூறு ரூபாயாக இருந்த ஊதியம் பின்னர் ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. குடும்பச் செலவுக்கு வேண்டிய சிறு தொகை போக, எஞ்சியதையெல்லாம் அவர் பொதுப்பணிக்கே அளித்துவிட்டார். ஒரு ஷில்லிங்கிற்காகப் பொய் கூறத் துணிந்த கை, ஆயிரம் ரூபாயையும் பிறருக்கு ஈயும் கையாயிற்று.

1812 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11 ஆம் நாள் மாலை அச்சகத்தில் தீப்பற்றியது. பல மொழிகளின் அச்செழுத்துகள் உருகின. காகிதக் குவியல்கள் சாம்பலாயின. கேரி பல்லாண்டு உழைத்துத் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படியும் எரிந்தொழிந்தது. கல்கத்தாவில் இருந்த அவரிடம் மறுநாட் காலையில் மார்ஷ்மன் சென்று செய்தி கூறினார். திரும்பி வந்து சாம்பல் மேட்டைக் கண்ட கேரியின் கண்கள் கலங்கின. எனினும் அவர் சோர்ந்து அமரவில்லை. தம்மைப் பணிவுடையவராக்கவே இறைவன் இச்சோதனையை விடுத்தான் என்று கருதினார். எழுத்து வார்க்கும் அச்சுகள் பழுதின்றிக் கிடைத்தன. உருகிய உலோகத்தைக் கொண்டே மீண்டும் எழுத்துகள் வார்க்கப்பட்டன. ஒரு முறை நடந்த பாதையில் மறுமுறை நடத்தல் எளிது என்னும் எண்ணத்துடன் கேரி மொழிபெயர்ப்புகளை மீண்டும் தொடங்கினார். பன்மொழி அகராதி மட்டும் மீளவேயில்லை. பண்டிதர் பலரின் துணையுடன், ஏறத்தாழ 40 மொழிகளில் விவிலியம் முழுமையாகவோ பகுதியாகவோ செராம்பூரிலிருந்து வெளிவந்தது.

கணவனை இழந்த பெண் உடன்கட்டை ஏறும் கொடுமையை 1799 ஆம் ஆண்டு கேரி நேரிற் கண்டு தடுக்க முயன்றார், இயலவில்லை. முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1829 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெண்டிங்கு பிரபு அவ்வழக்கத்தைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். அதனை வங்கமொழியில் பெயர்க்கும் பணி கேரியிடம் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அவர் வழிபாடு நடத்த வேண்டிய நாள். ஒரு மணி நேரம் தாழ்த்தாலும் ஓர் உயிர் போகக்கூடும் என்று அவர் எண்ணினார். வழிபாட்டைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, பண்டிதருடன் அமர்ந்து, மாலைக்குள் மொழிபெயர்ப்பை முடித்தார்.

புகழ் வந்த பின்னும் அவர் பழைய நிலையை மறைத்ததில்லை. விருந்தொன்றில், முன்னர் அவர் காலணி செய்பவராக இருந்தாரோ என்று ஒருவர் ஏளனமாக வினவினார். காலணி செய்பவரல்லர், பழங் காலணிகளைச் செப்பனிடுபவரே என்று கேரி அமைதியாக விடையிறுத்தார். தமக்கென ஒரு சிறப்பு உண்டென்றால், அஃது இடைவிடாது உழைக்கும் ஆற்றல் ஒன்றே என்று அவர் கருதினார். 1834 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 9 ஆம் நாள், 72 ஆம் வயதில், செராம்பூரில் அவர் உயிர்நீத்தார். தம் கல்லறையில் புகழுரை எதுவும் பொறித்தலாகாது என்றும், பெயரும் நாள்களும் தம் எளிமையைக் கூறும் பாடலடியுமே போதும் என்றும் அவர் முன்னரே கூறியிருந்தார்.

பிழை செய்யாதவராகக் கேரி பிறக்கவில்லை. பிழையை மறைக்க முயன்று நாணிய அந்த நாளை மறவாமல் வாழ்ந்தமையாலேயே அவர் உயர்ந்தார்.