செம்மரத்தின் சிவப்பைத் தேடியவர்

சின்ன வயசில் எனக்கு எங்கே வீக்கம் கண்டாலும், எங்க ஆயா மரப்பாச்சியைக் கல்லில் உரைத்துப் பற்றுப் போடுவாங்க. அந்த மரப்பாச்சி செம்மரத்தில் செய்தது. அதன் சிவப்பு தண்ணீரில் சரியாகக் கரையாது. அப்பாவோ ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் டப்பாவிலிருந்து போடும் தூள் கொதிநீரில் உடனே கரையும். இது மட்டும் ஏன் கரையலே என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்க வீட்டில் எனக்கு முன்னால் யாரும் படித்ததில்லை.

முதலாண்டு கெமிஸ்ட்ரியில் நான் பெயில். பட்டறைக்கே போய்விடலாமா என்று இருந்த நாளில், நூலகத்தில் ஒருவரைப் பற்றிப் படித்தேன். அவர்தான் டி.ஆர். சேஷாத்திரி.

1900 பிப்ரவரி 3-ல் குளித்தலையில், ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்தார். வசதி இல்லாத அந்த நாட்களில் ராமகிருஷ்ணா மிஷன் கைகொடுத்தது. 1927-ல் உதவித்தொகை பெற்று, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்யப் போனார். அப்புறம் ஆஸ்திரியாவில் பிரெகல் என்ற நோபல் அறிஞரிடம், சில மில்லிகிராம் பொருளை வைத்தே அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வித்தையைக் கற்றார். பூவிலிருந்து எடுக்கும் நிறம் கொஞ்சமாகத்தானே கிடைக்கும்!

1934-ல் வால்டேர் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நம்ம நாட்டுப் பருத்திப் பூவின் மஞ்சளிலிருந்து காசிபின் என்ற பொருளைப் பிரித்தார்கள். பின்னாளில் மற்றவர்கள் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது வீக்கம் குறைந்தது. நிறமும் மருந்தும் ஒரே பொருளாக இருக்கலாம் என்பது எனக்குப் புதுசு. போர்க்காலத்தில் ராணுவம் அங்கே வந்துவிட, ஆய்வுக்கூடத்தைக் குண்டூருக்குத் தூக்கிப் போனார்கள். ஆனாலும் வேலையை அவர் விடவில்லை.

1949-ல் டெல்லி. 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1963-ல் பத்மபூஷண். அவரிடம் டாக்டர் பட்டம் வாங்கியவர்களே நூற்றுக்கு மேல்.

இனி செம்மரம். மஞ்சளாகப் பூக்கும் இந்த மரம் கடப்பை, சித்தூர், திருப்பதிப் பக்கத்து மலைகளில்தான் அதிகம் இயற்கையாக வளருகிறது. வெட்டி வெட்டி இன்று அழியும் நிலைக்கு வந்துவிட்டது. சேஷாசலமும் இதற்குப் பேர்போன மலை. சேஷாத்திரி என்றாலும் அதே பொருள்தான், பாருங்க! எழுபது வயசு தாண்டி, 1972, 1973-ல் அவர் ஆராய்ந்து எழுதியது இந்த மரத்துச் சிவப்பான சந்தாலினைப் பற்றி. சந்தாலின் ஏ-யின் ஒரு மூலக்கூறில் 33 கார்பன், 26 ஹைட்ரஜன், 10 ஆக்சிஜன் அணுக்கள். தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். பட்டறைத் தூள் அப்படியில்லை. தண்ணீரில் கரைவதற்கென்றே அதன் மூலக்கூறில் சல்போனிக் தொகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். நான் கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

சேஷாத்திரி 1975 செப்டம்பர் 27-ல் டெல்லியில் காலமானார்.

அப்பாவிடம் போய், மரப்பாச்சிச் சிவப்பு சாராயத்தில் கரையும் என்று சொன்னேன். சிரித்துவிட்டு, முதலில் அரியரை எழுதிப் பாஸ் பண்ணுடா என்றார். ஏப்ரலில் எழுதுகிறேன்.