பிச்சைக்காரர் பின்னால் போன மகாவித்துவான்



சென்டம் வாங்கியவனையும் மூணு அரியர் வைத்திருப்பவனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துக் காரணம் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் வாத்தியாரைத்தான் சொல்வார்கள். அவர் நல்லா நடத்தினார், பாஸ் பண்ணினேன். இவர் நடத்தவே இல்லை, போச்சு. இந்தப் பேச்சை ஹாஸ்டல் வராந்தாவிலும் ஸ்ரீரங்கம் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போச்சு. அதனால்தான் இந்த வருஷ மலரில் நம்ம ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

அவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் என்று பத்தாம் வகுப்போடு மறந்துவிட்ட பெயர். 1815 ஏப்ரல் 6-ல் திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பா சிதம்பரம் பிள்ளை தமிழ் வாத்தியார். வீட்டிலேயே பாடம் ஆரம்பித்துவிட்டது. ஆனால் பையனுக்குப் பதினைந்து வயது வாக்கில் அப்பா இறந்துபோனார். சொத்து இல்லை, சிலபஸ் இல்லை, பரீட்சை இல்லை, படிடா என்று அதட்ட ஆள் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். நமக்குப் புத்தகம் கிடைக்காவிட்டால் ஜெராக்ஸ் கடை இருக்கிறது, இல்லாவிட்டால் செல்போனில் பி.டி.எப். இருக்கிறது. அவர் காலத்தில் தமிழ் நூல்களில் முக்கால்வாசி ஓலைச்சுவடியில்தான் இருந்தன. அச்சுக்கூடம் வைப்பதற்கு இந்தியர்களுக்கு இருந்த கெடுபிடி விலகியதே 1835-ல்தான். சுவடி வைத்திருப்பவர் மனசு வைத்துக் கொடுத்தால், எழுத்தாணியால் ஒவ்வொரு எழுத்தாகக் கீறிப் பிரதி எடுக்க வேண்டும். ஏட்டில் புள்ளி இருக்காது, சொல்லைப் பிரித்துக் காட்டுவதும் இருக்காது. புரியாமல் எழுதினால் தப்பாகத்தான் எழுத வரும். ஆகவே பிரதி எடுப்பதே பாதிப் படிப்பு. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி அடுத்தவன் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிற நம்ம வேலையோடு இதைச் சேர்க்காதீர்கள்!

பிள்ளை ஊரை விட்டுத் திருச்சி மலைக்கோட்டைப் பக்கம் குடிவந்தார். வந்து அவர் செய்த முதல் காரியம், யாருக்கு எது தெரியும் என்று விசாரித்ததுதான் என்று நினைக்கிறேன். ஒரே குருவிடம் எல்லாம் கிடைக்கும் என்று அவர் காத்திருக்கவில்லை. உறையூரில் முத்துவீர வாத்தியார், மலைக்கோட்டை மௌன மடத்தில் வேலாயுத முனிவர் என்று ஆள் ஆளாகத் தேடிப்போனார். எதில் தமக்குக் குறை இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கிறவர் யாரோ அவரிடம் போனார். நம்மில் எத்தனை பேருக்கு நாம் எந்த சேப்டரில் வீக் என்று ரிசல்ட் வருவதற்கு முன்னால் தெரியும்?

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தண்டியலங்காரக் கதை. அந்த அணியிலக்கண நூலைப் பாடம் சொல்ல அவருக்குச் சரியான ஆள் அகப்படவில்லை. கடைசியில் தெருத்தெருவாகப் பிச்சை எடுக்கும் ஒரு பரதேசிக்கு அது நன்றாகத் தெரியும் என்று தெரியவந்தது. பிள்ளை வெட்கப்படவில்லை. பரதேசி வீடு வீடாகப் போகும்போது கூடவே நடந்து, நடந்தபடியே பாடம் கேட்டார். அவருக்குப் பிரியமான கஞ்சாவைக் கூட வாங்கிக் கொடுத்தாராம். (இதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்!) பார்க்கிறவர்கள் சிரித்திருப்பார்கள். இன்றைக்கு லேத் ஓட்டும் பட்டறை அண்ணன்கிட்டே போய்த் தெரியாததைக் கேட்க நமக்குக் கௌரவம் இடிக்கிறது, டிப்ளமோ அல்லவா!

பிறகு திருவாவடுதுறை மடத்தில் அம்பலவாண தேசிகரிடம் இலக்கணம் கேட்டார். சென்னைக்குப் போய்க் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் கேட்டார். ஆனைக்கா அகிலாண்டநாயகி மேல் பிள்ளைத்தமிழ் பாடினார். தலபுராணங்கள் மட்டுமே இருபதுக்கு மேல். மகாவித்துவான் பட்டம் திருவாவடுதுறையில் கிடைத்தது. தாம் பட்ட பாடு தம் மாணவர்கள் படக்கூடாது என்று, கேட்டவருக்கெல்லாம் காசு வாங்காமல் பாடம் சொன்னார். பலருக்குச் சோறும் போட்டார். சவேரிநாத பிள்ளையும் நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவர் மாணவர்கள்தான்.

இவ்வளவு படித்தவர் வசதியாக வாழ்ந்தாரா என்றால், இல்லை. கடைசி வரை கடன். படித்தால் பணம் தானாக வரும் என்பதற்கு உதாரணம் தேடுகிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 1876 பிப்ரவரி 1-ல் காலமானார்.

அவரிடம் 1871-ல் மாயூரத்தில் வந்து சேர்ந்த பையன்தான் சாமிநாதன். முதலில் ஆசிரியர் நேரடியாக அதிகம் கவனிக்கவில்லை. வேறொரு மாணவராக இருந்தால் கோபித்துக்கொண்டு கும்பகோணம் பக்கம் திரும்பியிருப்பார். சாமிநாதன் கவனித்தார். ஆசிரியர் விடியற்காலையில் தோட்டத்துக்கு வந்து செடிகளில் புதுத்தளிர் விட்டிருக்கிறதா என்று ஆசையோடு பார்ப்பார். பையன் அதற்கும் முன்னால் எழுந்து தளிரைத் தேடி வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டினார். பேச்சு வளர்ந்தது, மெள்ளப் பாடமும் கேட்டார். அந்தக் காலை நேரம் அவருக்கென்று ஆகிவிட்டது.

சரி, அந்த ஆசிரியரிடம் எல்லாம் படித்து முடித்தாரா? அதுவும் இல்லை. 1880-ல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். அப்போது அவர் கல்லூரி ஆசிரியர். தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் அசரவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. முதலியார் சுவடி கொடுத்தார். வாசித்தால் ஜைன மத விஷயங்கள் இடறின, உரையிலும் விளங்கவில்லை. சொல்லித் தர ஆசிரியரும் உயிரோடு இல்லை.

கும்பகோணத்தில் ஜைனர்கள் சிந்தாமணியைப் பாராயணம் செய்து வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சைவப் பிள்ளையின் மாணவரான அந்த பிராமண வாத்தியார், அவர்கள் வீட்டைத் தேடிப்போய் உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். ஏழு வருஷம் கழித்து, 1887-ல், சிந்தாமணி அச்சாகி வந்தது.