ஒளியையும் பொருளையும் ஆராய்ந்த கே. எஸ். கிருஷ்ணன்

கரோல்பாக்கிலும் அதனைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார் பூசா பக்கமாகச் செல்லுங்கால், தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடம் அமைந்துள்ள சாலையைக் கண்டிருப்பர். அச்சாலைக்கு டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்க் என்று பெயர். பெயர்ப் பலகையைப் பார்த்தவர் பலராயினும், அப்பெயருக்கு உரியவர் யாவர் என வினவினால் விடை கூறவல்லார் மிகச் சிலரே. அவர் நம்மவர். நம்மைப் போன்றே பிழைப்பையும் கல்வியையும் நாடி வடக்கே வந்து, கல்கத்தாவிலும் டாக்காவிலும் அலகாபாத்திலும் இம்மாநகரிலுமாக நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, இங்கேயே உயிர் நீத்தவர்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் நாளை நம் குழந்தைகள் பள்ளிகளில் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகின்றனர். ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள் அது. அன்று சர் சி. வி. ராமனின் படத்துக்கு மாலை சூட்டுகின்றோம். அது தகும். ஆயினும் அவ்விளைவை முதன் முதலாகக் கண்ட கண்களில் ஓரிணை கிருஷ்ணனுடையவை என்பதை அந்நாளில் நினைவு கூர்வார் அரியர்.

காரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். அந்நாளில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில், வயலும் தோப்பும் சூழ்ந்த சிற்றூர். தந்தையார் உழவுத் தொழிலும் தமிழ், வடமொழிப் புலமையும் ஒருங்கே வாய்ந்தவர். இளமையில் வீட்டில் ஊறிய அப்புலமை, பிற்காலத்தில் உலகம் மதிக்கும் விஞ்ஞானியான பின்னரும் கிருஷ்ணனை விட்டு நீங்கவில்லை. உள்ளூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பயின்று, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்பு சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சேர்ந்து பட்டம் பெற்றார். அக்கல்லூரியிலேயே இரசாயனப் பகுதியில் செய்முறை விளக்குநராக அமர்ந்தார். நண்பகல் உணவு வேளையில் மாணவர் கேட்கும் ஐயங்களுக்கெல்லாம் அவர் விடை கூறுவது வழக்கமாயிற்று. நாளடைவில் வேறு கல்லூரி மாணவர்களும் அவ்வேளை பார்த்து வந்து கூடலாயினர்.

நிலையான வேலையும் நல்ல பெயரும் அமைந்த பின் ஊரை விட்டுப் போவானேன் என்று அக்காலத்தில் வீட்டிலுள்ளோர் கேட்டிருந்தால் வியப்பில்லை. நம்மில் பலர் வீட்டிலும் எழுந்த கேள்விதானே! ராமனுடைய புகழ் அவரை ஈர்த்தது. 1920-ல் கல்கத்தா சென்று பல்கலைக் கழக விஞ்ஞானக் கல்லூரியில் பயின்றார். 1923-ல் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில், ராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய அக்கழகத்தில், அக்காலத்தில் தென்னாட்டு இளைஞர் பலர் குழுமியிருந்தனர்.

அவர்கள் ஆராய்ந்த பொருள் எது என்பதைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். ஒளி ஒரு பொருளின் மேல் படும்போது நிகழ்வன பல. கண்ணாடி அதனை ஊடுருவிச் செல்ல விடுகிறது; துலக்கிய வெள்ளித் தட்டு திருப்பி அனுப்புகிறது; சாயமிட்ட புடவை சில நிறங்களை விழுங்கி, எஞ்சியவற்றை நம் கண்ணுக்கு அளிக்கிறது. இவையன்றி மற்றொன்றும் உண்டு. தூசியே இல்லாத காற்றும், மாசே இல்லாத நீரும்கூட, தம் அணுத்திரள்களால் ஒளியில் ஒரு சிறு கூறை எத்திசையிலும் சிதறடிக்கின்றன. வானம் நீலமாகத் தோன்றுவது இதனாலேயே. கடலின் நீலம் வானத்தின் நிழலே என்று ஆங்கிலேய அறிஞர் ராலே கருதியிருந்தார். 1921-ல் கப்பற் பயணம் சென்ற ராமன், கடலின் மேற்பரப்பில் பட்டு மீளும் வான ஒளியை ஒரு பளிங்குக் கருவியால் தடுத்துப் பார்த்தார். அப்பொழுதும் கடல் நீலமாகவே இருந்தது. முன்னினும் ஆழ்ந்த நீலமாக இருந்தது. நீர்தான் ஒளியைச் சிதறடிக்கிறது என்பது அதனால் துலங்கிற்று.

ஆனால் சிதறும் ஒளி வந்த நிறத்திலேயே வெளிச் செல்கிறதா, அன்றிப் பொருளினிடம் எதையேனும் கொடுத்துவிட்டோ பெற்றுக்கொண்டோ செல்கிறதா? இக்கேள்வியே அக்கழகத்தாரை ஏழாண்டுகள் உழைக்க வைத்தது. 1923-ல் கே. ஆர். ராமநாதன் நீரை ஆராய்ந்தபோது, சிதறிய ஒளியில் நிறம் மாறிய ஒரு மங்கலான சாயலைக் கண்டார். கிருஷ்ணன் அதனைத் தொடர்ந்து, அறுபதுக்கும் மேற்பட்ட திரவங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். பல திரவங்களில் அச்சாயல் தென்பட்டது.

இங்கேதான் இடர் இருந்தது. சில பொருள்கள் ஒரு நிற ஒளியை விழுங்கி வேறு நிற ஒளியை உமிழும் இயல்புடையன. வெயிலில் வைத்த மண்ணெண்ணெயில் தென்படும் நீலச் சாயல் அவ்வகையதே. இதனை ஒளிர்தல் என்பர். திரவத்தில் இம்மியளவு மாசு இருப்பினும் அம்மாசு ஒளிர்ந்து நம்மை ஏமாற்றிவிடும். ஆகவே திரவங்களைக் காற்றகற்றிய கண்ணாடிக் குமிழ்களில் அடைத்து, மெல்ல மெல்ல வாலை வடித்து, மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்தார் கிருஷ்ணன். இரைச்சலும் புழுதியும் மிக்க கடைத்தெருவின் நடுவே, அறுபது திரவங்களை இவ்வாறு மாசு நீக்குவதென்றால் எத்தகைய பொறுமை வேண்டும்! மாசு நீக்க நீக்க, அம்மங்கலான சாயல் மறையவில்லை.

1928 ஜனவரியில் எஸ். வெங்கடேஸ்வரன் என்னும் மற்றோர் அன்பர், தூய கிளிசரினில் இச்சாயல் பசுமையாகவும், ஒரே தளத்தில் அதிரும்படி ஒழுங்குபட்டும் இருப்பதைக் கண்டார். அவர் வேறோர் அலுவலில் இருந்துகொண்டு ஓய்வு வேளைகளில் மட்டும் ஆராய்ந்தவர். வெயில் உள்ள பகற்பொழுது முழுவதும் உழைக்க வல்லவர் தேவைப்பட்டார். கிருஷ்ணன் அப்போது சில காலமாகக் கணக்குகளிலும் கொள்கைகளிலும் ஆழ்ந்திருந்தார். விஞ்ஞானி சோதனையை விட்டு நெடுநாள் விலகியிருத்தல் நன்றன்று என்று ஆசிரியர் அறிவுறுத்தவே, பிப்ரவரித் தொடக்கத்தில் மீண்டும் இருட்டறை புகுந்தார்.

சோதனை எளியது. சூரிய ஒளியைத் தொலைநோக்கி வில்லையால் குவித்து, நீல ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகண்ணாடி வழியே திரவத்தினுள் செலுத்துவது. திரவத்துக்கும் கண்ணுக்கும் இடையே, அந்நிறத்தை முற்றிலும் தடுத்துப் பச்சையும் மஞ்சளுமான ஒளியை மட்டும் விடும் மற்றொரு வடிகண்ணாடியை வைப்பது. ஒளியின் நிறம் மாறவில்லையாயின் கண்ணுக்கு இருளே தோன்ற வேண்டும். இருள் தோன்றவில்லை, திரவத்தின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தெரிந்தது. பிப்ரவரி 7-ஆம் நாள், தூய திரவங்கள் யாவற்றிலும் அக்கோடு தெரிவதையும், அது ஒழுங்குபட்ட ஒளியாக இருப்பதையும் கிருஷ்ணன் கண்டார். திரவங்களில் சாதாரண ஒளிர்தலால் வரும் ஒளி பெரும்பாலும் இவ்வாறு ஒழுங்குபட்டு இராது. சிதறிய ஒளியே இருக்கும். எனவே இது மாசின் விளையாட்டன்று. ஒளிக்கும் பொருளுக்கும் இடையே நிகழும் புதியதொரு கொடுக்கல் வாங்கல். அன்றிரவு ஒன்பது மணியளவில் ராமன் கிருஷ்ணனின் இல்லத்துக்கே வந்துவிட்டார். க்ராமர்ஸ், ஹைசன்பர்க் ஆகியோர் 1925-ல் கணக்கால் மட்டும் முன்னறிந்து கூறிய விளைவே இது என்று கூறி, வாசலில் நின்றபடியே கால் மணி நேரத்துக்கு மேல் மகிழ்ச்சி பொங்கப் பேசினார். இச்செய்திகள் கிருஷ்ணனின் நாட்குறிப்பிலிருந்து நமக்குக் கிடைப்பவை. அந்நாட்குறிப்பு இராவிடில் அவ்வாசற்படிப் பேச்சு காற்றோடு போயிருக்கும்.

பிப்ரவரி 16-ஆம் நாள் இருவர் பெயராலும் ஒரு குறிப்பு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, மார்ச் 31-ல் நேச்சர் இதழில் வெளிவந்தது. பிப்ரவரி 28-ஆம் நாள் நிறமாலை காட்டியால் நோக்கியபோது, மாறிய ஒளி தனிக் கூறாகப் பிரிந்து தோன்றிற்று. பின்பு பாதரச விளக்கைக் கொண்டு படம் பிடித்தபொழுது, மூல ஒளியின் கோடுகளுக்கு அருகே புதிய கோடுகள் தெளிவாகப் பதிந்தன. படும் ஒளியில் ஒரு கோடியில் ஒரு பங்கு அளவே இவ்வாறு நிறம் மாறுகிறது. அவ்வொளி தான் இழந்த ஆற்றலைப் பொருளின் அணுத்திரளுக்குக் கொடுத்து அதனை அதிரச் செய்கிறது. ஒவ்வொரு பொருளின் அதிர்வும் வேறாகலின், பென்ஸீன் காட்டும் கோடுகள் சாராயத்தில் இல்லை. சாராயம் காட்டுவன குவார்ட்ஸ் பளிங்கில் இல்லை. பொருளைத் தொடாமல், உடைக்காமல், அதன் உள்ளமைப்பை ஒளியே எடுத்துரைத்து விடுகிறது. மருந்தின் தூய்மையையும் மணிக்கற்களின் உண்மையையும் இன்று இம்முறையால் அறிகின்றனர். அதே மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் என்னும் இருவரும் குவார்ட்ஸ் பளிங்கில் இவ்விளைவைத் தாமாகவே கண்டனர், வெளியிடுவதில் பிந்திவிட்டனர்.

1930-ல் நோபெல் பரிசு ராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. பரிசை இருவர் பகிர்ந்து கொள்வது அக்காலத்திலும் புதுமையன்று. 1927-ல் காம்ப்டனும் வில்சனும் அவ்வாறு பெற்றனர். கிருஷ்ணனுக்கு அநீதி இழைக்கப்பட்டதா என்று இன்றளவும் வாதிடுவோர் உளர். கேள்வியை எழுப்பியவரும், ஏழாண்டுகள் அதனை விடாது துரத்தியவரும், கண்டது இன்னதென உடனே தெளிந்தவரும் ராமன் என்பதில் ஐயமில்லை. அந்த முடிவான வாரங்களில் கருவியின் முன் நின்ற கை கிருஷ்ணனுடையது என்பதிலும் ஐயமில்லை. கிருஷ்ணனின் துணையை ராமன் மறைத்தாரல்லர். 1928 மார்ச் 16-ல் பெங்களூரில் நிகழ்த்திய பேருரையிலும் அதனைக் கூறினார். எனினும் விளைவுக்கு ஒரு பெயரே நிலைத்தது. அதன் பொருட்டுக் கிருஷ்ணன் பொதுமன்றில் வழக்காடவில்லை. அவ்வமைதி அவர் உள்ளத்தின் நிறைவோ, ஆசிரியர் பால் கொண்ட பக்தியோ, நாம் ஊகிக்கலாமேயன்றி உறுதி கூறலாகாது. அவர் செய்தது ஒன்றே: அவ்வாண்டு டிசம்பரிலேயே டாக்காப் பல்கலைக் கழகத்துக்குச் சென்று, தமக்கென வேறொரு துறையைத் தொடங்கினார்.

வேறு துறை என்றாலும் அடிப்படை ஒன்றே. ஒளியைக் கொண்டு ஆராய்ந்தபோது, சில அணுத்திரள்கள் எல்லாப் பக்கமும் ஒரே தன்மை உடையன அல்ல, தட்டையாகவும் நீண்டும் இருப்பன என்பதைக் கண்டிருந்தார். இப்பொழுது அதனைக் காந்தத்தால் அளக்க முற்பட்டார். துணிமணிகளிடையே பூச்சி அரிக்காதிருக்க நாம் இடுகின்றோமே நாப்தலீன், அதன் சிறு பளிங்கொன்றை நூலினும் மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டுக் காந்த முனைகளிடையே வைத்தார். இழையின் மேல்முனையை முறுக்கிக்கொண்டே போனால், ஒரு கோணத்தில் பளிங்கு சட்டெனத் திரும்பிவிடும். அக்கோணத்திலிருந்து, பளிங்கினுள் அணுத்திரள்கள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கணக்கிட வழி பிறந்தது. இவ்வாராய்ச்சியே அவருக்கென உரிய தனிப் புகழைத் தந்தது. 1933-ல் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கல்கத்தாக் கழகத்துக்கே மீண்டார். 1940-ல் லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

1942-ல் அலகாபாத் சென்றவர், அங்கு ஏ. பி. பாட்டியா என்னும் மாணவருடன் உலோகங்களை ஆராய்ந்தார். திரவத்தில் ஒளி சிதறுவது போன்றே, உலோகத்தினுள் ஓடும் மின்னணுக்களும் அணுக்களின் அதிர்வால் சிதறுகின்றன. மின்னோட்டத்துக்குத் தடை உண்டாவது அதனாலேயே என்று கொண்டு கணக்கிட்டனர். பௌபஜாரில் குமிழ்களை வடித்த நாளில் கற்றது, இருபதாண்டு கழித்துச் செம்பிலும் சோடியத்திலும் பயன்பட்டது.

1947 ஜனவரியில் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்துக்கு முதல் இயக்குநராகக் கிருஷ்ணன் நியமிக்கப்பட்டு இந்நகர் வந்தார். 1950 ஜனவரி 21-ல் சர்தார் படேல் அதனைத் திறந்து வைத்தார். சேரும் மணங்கும் போய்க் கிலோ வந்த காலத்தில், நாட்டின் எடைக்கெல்லாம் மூலமாகப் பாரீசிலிருந்து 1958-ல் வந்த 57-ஆம் எண்ணுள்ள கிலோகிராம் படிக்கல் அங்கேதான் வைக்கப்பட்டது. 1954-ல் பத்ம பூஷண் விருதும், 1958-ல் முதலாவது பட்நாகர் பரிசும் அவருக்குக் கிடைத்தன. அலுவற் சுமை எவ்வளவாயினும் ஆராய்ச்சியை அவர் விடவில்லை. பழந்தமிழ் நூல்களையும் வடமொழிக் காவியங்களையும் சுவைத்துப் பேசுவார். கேட்போர் களிக்கக் கதை சொல்லுவார். பந்தாட்டத்திலும் விருப்பம் மிக்கவர்.

1961 ஜூன் மாதம், இயக்குநர் பதவியில் இருக்கும்போதே, இப்புது டில்லியில் அவர் காலமானார். அவருக்கு அப்போது வயது 62. பின்னர் அவர் பெயர் அச்சாலைக்குச் சூட்டப்பெற்றது.