திருத்தணியிலிருந்து மாஸ்கோவுக்கு

கே.ஜி.கண்டிகையில் பஸ் ஏறினால் திருத்தணி வந்து இறங்குவதற்குள் இரண்டு பாஷை காதில் விழுந்துவிடும். கண்டக்டரிடம் தமிழில் டிக்கெட் வாங்கிய பாட்டி, பக்கத்து சீட்டுக்காரரிடம் தெலுங்கில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார். நம் கல்லூரியில் படித்த நாலு வருஷமும் எனக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், என் தமிழில் தெலுங்கு வாடை அடிக்கிறது என்று சக ஊழியர்கள் கிண்டல் செய்தார்கள். ஊருக்கு வந்தால் உறவுக்காரர்கள் என் தெலுங்கைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்! எங்கே போனாலும் பாதி விருந்தாளி என்பது நம் பக்கத்து ஆட்களின் ஜாதகம் போலிருக்கிறது.

மலருக்குக் கட்டுரை கேட்டபோது இந்த ஞாபகம்தான் முதலில் வந்தது. கூடவே, அதே ஜாதகத்தோடு திருத்தணியிலிருந்து புறப்பட்டு ஸ்டாலின் எதிரில் போய் உட்கார்ந்த ஒருவரும் நினைவுக்கு வந்தார். டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அவர்களைத்தான் சொல்கிறேன். செப்டம்பர் 5 வந்தால் எல்லா மேடைகளிலும் அவர் ஆசிரியர். நான் எழுத விரும்புவது அவர் சோவியத் ரஷ்யாவில் இந்தியத் தூதராக இருந்த இரண்டரை வருஷத்தைப் பற்றி.

1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வீராசாமி, ஜமீனில் சிறிய வருவாய் உத்தியோகம் பார்த்தவர். பெரிய வசதியெல்லாம் கிடையாது. திருத்தணியில் ஆரம்பப் படிப்பு, பிறகு திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி, வேலூர் ஊரிஸ் கல்லூரி, கடைசியில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று பெரும்பாலும் ஸ்காலர்ஷிப்பில் ஓடிய படிப்பு. தத்துவம் எடுத்ததுகூட விருப்பத்தால் அல்ல. உறவினர் ஒருவர் படித்து முடித்த பழைய புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன. அவை தத்துவப் புத்தகங்களாக இருந்தன, அவ்வளவுதான். சீனியரிடம் பழைய புத்தகம் வாங்கிப் படித்த நம்மவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

மிஷனரிகள் நடத்திய அந்த வகுப்பறைகளில் இந்து மதத்தின் மீது கடுமையான விமர்சனங்களைக் கேட்டார். மனம் புண்பட்டது. ஆனால் எழுந்து வெளியே போகவில்லை. அவர்கள் சொல்வதில் எது நியாயம், எது அறியாமை என்று பார்க்க உட்கார்ந்து படித்தார். எம்.ஏ. ஆய்வுக்கு வேதாந்தத்தின் அறநெறியையே எடுத்துக்கொண்டு எழுதினார். அதைப் பாராட்டியவர் அதே கல்லூரியின் கிறிஸ்தவப் பேராசிரியர் ஹாக். மாற்றுக் கருத்துக்காரரின் வீட்டிலேயே உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, தன் கருத்தையும் விடாமல் பேசுகிற பழக்கம் இங்கேதான் ஆரம்பித்தது என்று நான் நினைக்கிறேன்.

அதன் பிறகு 1909இல் சென்னை மாநிலக் கல்லூரி, 1918இல் மைசூர், 1921இல் கல்கத்தா. மைசூரை விட்டுக் கிளம்பியபோது மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த வண்டியைத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துப் போனார்கள். 1936இல் ஆக்ஸ்போர்டில் கீழைநாட்டுச் சமயங்களுக்கான பேராசிரியர் ஆனார். இவையெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

1949இல் நேரு அவரை மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பினார். இந்த முடிவு அப்போது பலருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். அவர் வெளியுறவுத் துறையில் வளர்ந்தவர் அல்ல. அதோடு, கடவுளையும் ஆன்மாவையும் ஒதுக்கிய தத்துவத்தை வெளிப்படையாக மறுத்து எழுதியவர். ஏழைகளுக்காகப் பேசும் கம்யூனிசத்தின் நியாயத்தை ஒப்புக்கொண்டார். தனி மனிதனின் சுதந்திரத்தை நசுக்குவதை ஒப்புக்கொள்ளவில்லை. பொடிவைத்துப் பேசாமல் இரண்டையும் எழுதியும் இருந்தார்.

அந்தப் பக்கமும் வரவேற்பு சூடாக இல்லை. இந்தியாவின் சுதந்திரம் பெயரளவில்தான் என்பது அன்றைய சோவியத் பார்வை. இந்தியா காமன்வெல்த்தில் நீடிக்க முடிவு செய்ததும் 1949இல்தான். நமக்குப் பக்கத்தில் தெலங்கானாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அரசு அவர்களைச் சிறையில் தள்ளிக்கொண்டிருந்தது. முதல் தூதராகப் போன விஜயலட்சுமி பண்டிட் ஸ்டாலினைச் சந்திக்காமலேயே திரும்ப வேண்டியதாயிற்று.

ராதாகிருஷ்ணன் தன் பழக்கவழக்கம் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அதே தலைப்பாகை, அதே நீண்ட வெள்ளைக் கோட்டு. மாமிசமும் இல்லை, மதுவும் இல்லை. வோட்காவை வைத்தே ராஜதந்திரம் நடந்த ஊரில் இதை நினைத்துப் பாருங்கள். ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பதவியையும் விடாமல், வருஷத்தில் ஒரு பகுதியை அங்கே கழித்தார். மற்ற நேரம் தூதரகத்தில், படுக்கையிலேயே சாய்ந்து உட்கார்ந்து எழுத்து வேலை. 1953இல் வெளிவந்த அவருடைய உபநிடத மொழிபெயர்ப்பின் முன்னுரையில், மாஸ்கோ, 1951 அக்டோபர் என்றுதான் போட்டிருக்கும். நாத்திக அரசின் தலைநகரில் உட்கார்ந்து ஒருவர் உபநிடதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். அதை அவர் ஒளிக்கவும் இல்லை, அவர்கள் தடுக்கவும் இல்லை.

1950 ஜனவரியில் ஒரு நாள் இரவு கிரெம்ளினிலிருந்து அழைப்பு வந்தது. உலகமே பயந்த மனிதரின் எதிரில் உட்கார்ந்து அவர் சொன்னது அசோகர் கதை. ரத்தம் சிந்தி வெற்றி பெற்ற ஒரு சக்கரவர்த்தி எங்கள் நாட்டில் இருந்தார், பிறகு போரையே வெறுத்துத் துறவியின் வழிக்கு வந்தார், உங்களுக்கும் அப்படி நேரலாம், யார் கண்டது என்கிற பொருளில் பேசினார். ஸ்டாலின் கோபப்படவில்லை. அதிசயங்கள் நடப்பதுண்டு, தானும் ஐந்து வருஷம் பாதிரிப் பள்ளியில் படித்தவன்தான் என்று பதில் சொன்னாராம். மிஷன் பள்ளியில் படித்தவரும் பாதிரிப் பள்ளியில் படித்தவரும் பேசிக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொண்டால், அது அவ்வளவு விசித்திரமான சந்திப்பு அல்ல.

அந்த ஆண்டு ஜூனில் கொரியப் போர் மூண்டது. ஜூலையில் நேரு ஸ்டாலினுக்கும் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அச்சிசனுக்கும் சமாதானக் கடிதங்கள் அனுப்பினார். ஸ்டாலின் சாதகமாகப் பதில் எழுதினார், அமெரிக்கா ஏற்கவில்லை. போர் நிற்கவில்லை என்றாலும் டில்லியின் பேச்சு மாஸ்கோவில் காதில் விழ ஆரம்பித்தது. 1951இல் நம் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு தலைவிரித்தாடியபோது, அமெரிக்கக் காங்கிரஸ் கோதுமையைப் பற்றி மாதக்கணக்கில் விவாதித்துக்கொண்டிருந்த வேளையில், சோவியத் கோதுமைக் கப்பல்கள் வந்தன.

1952 ஏப்ரலில் விடைபெறப் போனார். குடியரசுத் துணைத் தலைவர் பதவி காத்திருந்தது. ஸ்டாலின் முகம் வீங்கி, மூப்புத் தட்டியிருந்தது. ராதாகிருஷ்ணன் அவர் கன்னத்தைத் தொட்டு, முதுகில் தட்டிக்கொடுத்தார். தன்னை அரக்கனாகப் பார்க்காமல் மனிதனாக நடத்தியவர் நீங்கள்தான் என்று ஸ்டாலின் நெகிழ்ந்துபோனதாக அவருடைய வரலாற்றில் இருக்கிறது. பதினோரு மாதத்தில், 1953 மார்ச்சில், ஸ்டாலின் இறந்தார்.

இந்த இடத்தில் என் வீட்டில் ஒரு சண்டை. என் மனைவி சரித்திர டீச்சர். இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, லட்சக்கணக்கானவர்களைச் சுட்டும் முகாமில் அடைத்தும் கொன்ற ஆட்சிக்காரனின் கன்னத்தைத் தடவியதை நல்ல விஷயம் மாதிரி எழுதுகிறீர்களே என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வெளிநாட்டுத் தூதர்கள் அங்கே இஷ்டப்படி ஊர் சுற்ற முடியாது, சாதாரண ஜனங்களோடு பழக முடியாது, முகாம்களைக் கண்ணால் பார்க்க வழியே இல்லை என்றேன். முப்பதுகளின் மாஸ்கோ வழக்குகளும் மரண தண்டனைகளும் உலகப் பத்திரிகைகளில் வந்தவைதானே என்றாள். அதுவும் சரிதான்.

யோசித்துப் பார்த்தால், அசோகர் கதையே ஒரு குற்றச்சாட்டுதான். அதை மரியாதையோடு, நேருக்கு நேர், அந்த மனிதரின் வீட்டிலேயே சொல்லிவிட்டார். அது எனக்குப் பெரிய துணிச்சலாகத் தெரிகிறது. கன்னத்தைத் தொட்டதைப் பற்றி மட்டும் இன்னும் எனக்குத் தீர்மானமில்லை. கம்யூனிச ஆட்சியும் காலப்போக்கில் இளகும், ஜனங்கள் அதை மாற்றுவார்கள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பாதி பலித்தது, பாதி பலிக்கவில்லை. பலித்த பாதிக்கும் நாற்பது வருஷம் ஆயிற்று.

என் துறை பக்கமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கும்போது இன்-பிளான்ட் டிரெயினிங்குக்கு நெய்வேலி போயிருந்தோம். 1962இல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் அது, மொத்தம் 600 மெகாவாட். டர்பைனில் இருந்த பெயர்ப் பலகையில் ரஷ்ய எழுத்து. படிக்கத் தெரியாமல் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்த நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. 1955இல் பிலாய் எஃகு ஆலைக்கு ஒப்பந்தம் போட்டார்கள், அதற்குப் பின்னால் வந்த வரிசையில் நெய்வேலியும் ஒன்று. எல்லாம் ஒரு தூதரால் வந்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் கதவு சாத்தியிருந்த காலத்தில் போய்த் தட்டியவர் நம்மூர்க்காரர்.

இன்னொன்று. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முதலானோர் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இந்த இரண்டு தேதியிலும் ராதாகிருஷ்ணன்தான் நாட்டின் துணைத் தலைவர். தெலுங்கு வீட்டில் பிறந்தவர், சென்னையில் படித்தவர், ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராக இருந்தவர். அவர் சொந்த ஊர் மட்டும் அவர் நகராமலேயே மாநிலம் மாறிக்கொண்டிருந்தது.

1964 செப்டம்பரில் குடியரசுத் தலைவராக மறுபடி சோவியத் நாடு போய் வந்தார். அடுத்த மாதமே குருஷ்சேவின் பதவி போயிற்று. 1967இல் ஓய்வு பெற்று மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பினார். 1975 ஏப்ரல் 17 அன்று காலமானார்.

திருத்தணியில் அவர் பிறந்த வீடு இப்போது நூலகமாக இருக்கிறது. நாலு வருஷமும் அந்தப் பக்கமாகவே கல்லூரிக்குப் போய் வந்த நான், போன மாதம்தான் முதல் முறையாக உள்ளே போனேன். ரீயூனியனுக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் நேரமிருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.