காய்ச்சலுக்கும் காலம் பார்த்தவர்

கடந்த மாரி மழையோடு என் தம்பிக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்தியர் முதலில் கேட்டது, காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது என்பதைத்தான். உம்மா ஞாயிறு என்றார், நான் திங்கள் என்றேன். பக்கத்தில் இருந்த தாதி எங்கள் பதிலுக்காகப் பேனையோடு காத்திருந்தார். ஒரு நாள் பிசகினால் என்னவாம் என்று அப்போது நினைத்தேன். அர்-ராஸியைப் பற்றி வாசித்த பிறகுதான் அந்தக் கேள்வியின் பெறுமதி விளங்கியது.

முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி கி.பி. 865ஆம் ஆண்டளவில், இன்றைய தெஹ்ரானுக்கு அருகே உள்ள ரய் நகரில் பிறந்தார். வயது முப்பதைத் தாண்டிய பின்னரே வைத்தியம் கற்றார் என்பர். பின்னர் ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தார். அவரைச் சுற்றி மாணவர்கள் வட்டம் வட்டமாக அமர்ந்திருப்பார்களாம். வரும் நோயாளியை வெளிவட்டத்தினர் முதலில் விசாரிப்பார்கள். அவர்களுக்குப் புரியாவிட்டால் உள்வட்டம், அங்கும் முடியாவிட்டால் அர்-ராஸி. ஏழைகளிடம் அவர் மிகுந்த இரக்கம் காட்டினார். வைத்தியர் கிடைக்காத மக்களுக்காகவே ஒரு நூலும் எழுதினார்.

வந்த நோயாளிகளைப் பார்த்து அனுப்பியதோடு அவர் நிற்கவில்லை. யாருக்கு, என்ன நோய், எப்படி மாறியது என்றெல்லாம் குறிப்பெடுத்தார். பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறுபடுத்தி எழுதிய நூலில், பெரியம்மை எந்தப் பருவங்களில் அதிகம் பரவும் என்பதற்கும் இடம் ஒதுக்கினார். இலையுதிர் காலத்தின் இறுதியையும் வசந்தத்தின் தொடக்கத்தையும் குறிப்பிட்டதோடு, மழையையும் காற்றையும்கூடக் கவனித்தார். வசந்தத்தில் ரோஜா மணத்தால் ஓர் அறிஞருக்கு வந்த தடிமனைப் பற்றியும் தனியாக ஒரு சிறு நூல் எழுதினார்.

என்னை மிகவும் தொட்டது வேறொன்று. விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்த ஒருவருக்கு உண்மையில் சிறுநீரகத்தில் புண் இருந்தது. இடுப்பில் பாரம் தெரிகிறதா என்று தொடக்கத்திலேயே கேட்கத் தவறிய தன் குறையையும் அர்-ராஸி மறைக்காமல் எழுதிவைத்தார். இறுதிக் காலத்தில் பார்வையை இழந்து, 925ஆம் ஆண்டளவில் ரய்யிலேயே மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை 'அல்-ஹாவி' என்ற பெருநூலாகத் தொகுத்தார்கள். அது 1279இல் இலத்தீனுக்கும் சென்றது.

இன்று நம் ஆஸ்பத்திரிகளில் டெங்கு நோயாளர்களின் விபரங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்கப்படுகின்றன. எந்த ஊரில், எந்த மாதத்தில் காய்ச்சல் கூடுகிறது என்று அவற்றை வைத்தே கணிக்கிறார்கள். நாம் தவறாகச் சொல்லும் ஒரு நாள் அந்தக் கணக்கையும் குழப்பும். அதைவிட, டெங்கில் காய்ச்சல் இறங்கும் நாட்கள்தான் ஆபத்தானவை. நாளைத் தவறவிட்டால் அந்த ஆபத்தையும் தவறவிட நேரும்.

அல்ஹம்துலில்லாஹ், தம்பி சுகமாகிவிட்டான். இப்போது வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால், பனடோல் தேடுமுன் கலண்டரில் அந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறேன்.