பீட்டில்ஸ் குழுவுக்கு வழி திறந்தவர்

இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே இசைத்தட்டுக் கடை நடத்தி வந்தார், பிரையன் எப்ஸ்டீன். 1934-ல் பிறந்தவர். மேஜை நாற்காலி வியாபாரியின் மகன்.

1961 நவம்பர் 9-ந் தேதி, கேவர்ன் என்ற நிலவறையில் ஒரு கச்சேரி கேட்கப் போனார். நான்கு வாலிபர்கள் கிட்டாரும் டிரம்மும் முழங்கப் பாடினார்கள். மேடையிலேயே தின்றார்கள், சிகரெட் பிடித்தார்கள். அவர்கள்தான் பீட்டில்ஸ் குழுவினர்! அவர்கள் பாட்டில் எப்ஸ்டீன் மனதைப் பறிகொடுத்தார். குழுவுக்கு மானேஜர் ஆனார். தோல் சட்டைகளைக் கழற்றச் சொல்லி, கோட்டு சூட்டு தைத்துக் கொடுத்தார்.

கைவிரித்த கம்பெனிகள்

1962 புத்தாண்டு தினத்தன்று, லண்டனில் டெக்கா கம்பெனி அவர்களைப் பாடவைத்துப் பார்த்தது. பிறகு வேண்டாம் என்று தள்ளியது. மற்ற கம்பெனிகளும் கைவிரித்தன.

எப்ஸ்டீன் சளைக்கவில்லை. நாடாவில் பதிவான பாட்டுகளைத் தட்டில் ஏற்றி எடுத்துக்கொண்டு படி ஏறி இறங்கினார். கடைசியில் பார்லபோன் கம்பெனியின் ஜார்ஜ் மார்ட்டின் வாய்ப்பு அளித்தார். ஒரு தட்டு விற்றால் குழு முழுவதற்கும் ஒரே ஒரு பென்னிதான்! ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

1962 அக்டோபர் 5-ந் தேதி தட்டு வெளிவந்தது. விற்பனைப் பட்டியலில் 17-வது இடம் பிடித்தது. 1964 பிப்ரவரியில் அமெரிக்க டெலிவிஷனில் அவர்கள் பாடியதை 7 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

சோக முடிவு

1967 ஆகஸ்டு 27-ந் தேதி, அளவு மீறிய தூக்க மருந்து எப்ஸ்டீனின் உயிரைப் பறித்தது. அது தற்செயலாக நேர்ந்த சாவு என்று விசாரணையில் முடிவாயிற்று. அப்போது அவருக்கு வயது 32.

வழிகாட்டியை இழந்த குழு, 1970-ல் பிரிந்தது.