டாக்டர் கிரேவ்ஸும் எங்கள் ஃபிட்டர் அண்ணனும்

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். இன்ஜினீயரான நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

எண்ணூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த ஆலையில் ஃபிட்டர் அண்ணன் ஒருவர். திடீரென்று எல்லோரையும் முறைக்க ஆரம்பித்தார். கை நடுக்கம், ஓயாத வியர்வை, உடம்பும் இளைத்துவிட்டது. குடிக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அதிகாரியை முறைத்ததாக மெமோவும் வந்தது. நானும் ஒருநாள், என்னண்ணே முறைக்கிறீங்க என்று கேட்டுவிட்டேன். கடைசியில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில், கண்ணைப் பார்த்ததுமே தைராய்டு என்று சந்தேகப்பட்டார்கள். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

அந்த வியாதி ராபர்ட் ஜேம்ஸ் கிரேவ்ஸின் பெயரைத் தாங்கியது. 1796-ல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர். 1818-ல் பட்டம் வாங்கி ஐரோப்பா சுற்றக் கிளம்பினார். ஆஸ்திரியாவில் கையில் பாஸ்போர்ட் இல்லை. அவர் பேசிய சுத்தமான ஜெர்மனைக் கேட்டு, ஒற்றன் என்று பத்து நாள் உள்ளே வைத்துவிட்டார்கள்!

இன்னொரு முறை மத்தியதரைக் கடலில் புயல். கப்பலில் தண்ணீர் ஏறுகிறது, பம்பு இழுக்கவில்லை. மாலுமிகள் படகில் ஏறித் தப்பப் பார்த்தார்கள். நோயோடு படுத்திருந்த கிரேவ்ஸ் எழுந்து வந்து கோடாலியால் படகை உடைத்தார். பிறகு தன் ஷூத் தோலை அறுத்துப் பம்பைச் சரிசெய்தார். கப்பல் பிழைத்தது. திருவொற்றியூரில் அடிபம்புக்கு வாஷர் மாற்றி வளர்ந்த எனக்கு அவர் நம்ம ஆள்தான்.

1821-ல் மீத் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மாணவர்களை நோயாளியின் கட்டிலருகே நிறுத்தி, பொறுப்பையும் கொடுத்துப் பாடம் நடத்தினார். காய்ச்சல்காரரைப் பட்டினி போடும் வழக்கத்தை எதிர்த்துச் சாப்பாடு கொடுத்தார். 1835-ல், படபடப்பும் கழுத்து வீக்கமும் சேர்ந்து வந்த பெண்களைப் பற்றி வெளியிட்டார். இருபது வயதுப் பெண் ஒருத்திக்கு விழி பிதுங்கி, தூக்கத்திலும் இமை மூடவில்லை. முதலில் அவளுக்கு ஹிஸ்டீரியா என்றுதான் நினைத்திருந்தார்கள். எங்கள் அண்ணன் கதையேதான்! 1840-ல் ஜெர்மனியின் பாசிடோவும் இதைப் பற்றி எழுதினார். 1853-ல் கிரேவ்ஸ் காலமானார்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிடுகிறது. விழிக்குப் பின்னாலுள்ள தசையும் கொழுப்பும் வீங்கி விழியை முன்னே தள்ளுகின்றன. மேல் இமை ஏறிக்கொள்வதால் முறைப்பது போலத் தெரிகிறது. பீடி, சிகரெட் இதை மோசமாக்கும். பார்வை மங்கினாலோ நிறங்கள் வெளிறித் தெரிந்தாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

அண்ணன் மருந்து சாப்பிடுகிறார், பீடியை விட்டுவிட்டார். மெமோவையும் ரத்து செய்தார்கள். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், சிரித்தார். தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் நாலு பேருக்கு மேலதிகாரி ஆவீர்கள். ஒருத்தர் முறைத்தால், மெமோ எழுதுவதற்கு முன்னால் உடம்புக்கு என்ன என்று கேளுங்கள்.